தள்ளிய குழிகள்

பவுல்துரைக்கு ஐம்பத்திரண்டு வயது. அவருடைய ஆய்வு வழிகாட்டி வசுமதிக்கு நாற்பது. ஆய்வகத்தில் எல்லோரும் இதைச் சொல்லிச் சிரித்து ஓய்ந்துவிட்டார்கள்.

அணு உலைக் கழிவைக் கண்ணாடியோடு உருக்கி, இறுகவைத்து, பூமிக்குள் ஆழமாகப் புதைப்பார்கள். உள்ளிருக்கும் கதிர்வீச்சு அந்தக் கண்ணாடியை என்ன செய்யும் என்பதுதான் பவுல்துரையின் ஆய்வு. புதைக்கப் பார்த்திருந்த இடம் அவருடைய சொந்த ஊரான குருவித்தோப்பை ஒட்டியது. ஞாயிற்றுக்கிழமை ஊர்க்கூட்டம். "நம்ம பவுலு சரின்னு சொன்னா நாங்க சம்மதம்னு கையெழுத்துப் போடுதோம்" என்று சொல்லியனுப்பியிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை மதியம் அவர் வசுமதியின் முன்னால் முகம் செத்துப்போய் வந்து நின்றார்.

"மேடம், கண்ணாடியோட கடினத்தன்மை மூணுல ஒரு பங்கு கொறைஞ்சுட்டு. வைர ஊசிய வச்சு அழுத்துனா குழி பெருசா விழுது. கண்ணாடி தோத்துட்டு."

"கதிர் படாத கண்ணாடியில?"

"குழி சின்னதுதான்."

"அதுல எத்தனை குழி போட்டீங்க?"

"அம்பது. முப்பத்தெட்டக் கணக்குல சேக்காமத் தள்ளிட்டேன். மூலையில விரிசல் விட்ட குழிய அளக்கக்கூடாதுல்லா? அதான வழக்கம்."

"கதிர் பட்டதுல எத்தனை தள்ளினீங்க?"

பவுல்துரை குறிப்பேட்டைப் புரட்டினார்.

"ஒண்ணுகூட இல்ல."

"அண்ணாச்சி, தள்ளினதைக் கொண்டாங்க."

நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். கதிர் படாத கண்ணாடியில் குழிகளின் மூலைகளிலிருந்து விரிசல்கள் நீளமாக ஓடியிருந்தன. கதிர் பட்டதில் வெறும் குழி மட்டும்.

பவுல்துரையின் குரல் ஏறியது. "கண்ணாடி மெத்துனு ஆயிட்டு, ஆனா விரிசல் விடல. அப்பம் பயமில்ல மேடம். அஞ்சாயிரம் வருசத்துக்குக் கவலையில்லன்னு கோயில் மைக்கிலேயே சொல்லிரலாம்."

வசுமதி சிரிக்கவில்லை.

"இதை எத்தனை நாள் கதிர்ல வச்சீங்க?"

"நாலு நாள். அஞ்சாயிரம் வருசத்துல படுத கதிர்வீச்ச அதுலேயே ஏத்தியாச்சு."

"அந்த நாலு நாள்ல தண்ணி பட்டுதா?"

"எப்படிப் படும்? காத்துகூட இல்லாத பெட்டியில்லா அது."

"குருவித்தோப்புல?"

"ஐப்பசியில முழங்காலளவு நிக்கும்."

சொன்ன பிறகுதான் அவர் உட்கார்ந்தார்.

"தண்ணியில இது கரையுமான்னு நான் பாக்கவேயில்ல. எங்க அக்கா வீடு அங்கதான் இருக்கு மேடம். அறிக்கையில என்ன எழுத?"

"தள்ளின முப்பத்தெட்டையும் எழுதுங்க."

"எழுதிருதேன். ஆனா ஊருல அதையா கேப்பாவ? எம்புட்டு காலம் தாங்கும்னுல்லா கேப்பாவ."

வசுமதி நுண்ணோக்கியின் விளக்கை அணைத்தார்.

"நாலு நாள் பார்த்தேன்னு சொல்லுங்க."