ஒளிரக் கூடாத இடம்

“சோதனையில எங்கேயோ தப்பு நடந்திருக்கு மேடம். என் கைத்தப்பாத்தான் இருக்கும்,” என்றாள் தவமணி.

அரசு மருத்துவமனை ஆய்வகத்தில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, தன்னைவிட இளையவரான பேராசிரியர் மெய்யம்மையிடம் புதிதாகப் பாடம் கேட்க வந்தவள் அவள்.

என்ன தப்பு என்று மெய்யம்மை கேட்கவில்லை. யாருடைய சதை என்று கேட்டார்.

“என்னோடதுதான்.”

தொண்டையிலிருந்து கட்டியோடு அறுத்தெடுத்த பாதித் தைராய்டுச் சுரப்பி. கைபழகுவதற்கு அதையே எடுத்துக்கொண்டிருந்தாள். அதில் அவள் ஏற்றியது, ஆணின் செல் இருந்தால் மட்டும் பச்சையாக ஒளிரும் சாயம்.

ஒளிர்ந்தது.

கண்ணாடித் தகட்டை மாற்றினாள். சாயத்தை மாற்றினாள். அப்போதும் ஒளிர்ந்தது.

மெய்யம்மை விளக்கை அணைத்துவிட்டு நுண்ணோக்கியில் கண் வைத்தார். வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை.

ஆணின் செல் எந்த வழியாக உள்ளே வந்திருக்கும் என்று தேடுபவர்போல், அண்ணன் உண்டா என்று கேட்டார். இல்லை. எப்போதாவது ரத்தம் ஏற்றினார்களா? அதுவும் இல்லை.

“பிள்ளைங்க?”

“இல்ல.” கொஞ்சம் பொறுத்து, “ஒண்ணு தங்கல,” என்றாள்.

ஆறாம் மாதம். மயக்கம் தெளிவதற்குள் துணியில் சுற்றி எடுத்துப் போய்விட்டார்கள். ஆணா பெண்ணா என்று கேட்டதற்கு, தெரிந்து என்ன ஆகப்போகிறது என்றார்கள். பிறகு அவள் யாரையும் கேட்கவில்லை.

சொல்லிக்கொண்டு வந்தவள் பாதியில் நின்றாள்.

“கருவோட செல்லு தாய்க்குள்ள வரும், கொஞ்ச நாள்ல போயிடும்னுதானே மேடம் படிச்சோம்?”

“நானும் அப்படித்தான் படிச்சேன்.” மெய்யம்மை தலையை நிமிர்த்தவில்லை. “எல்லாம் போறதில்ல.”

இருட்டில் மூன்றாவதாக யாரோ இருப்பதுபோல் தோன்றியது. தவமணி திரும்பிப் பார்த்தாள். கதவு சாத்தித்தான் இருந்தது.

மெய்யம்மை எழுந்து நாற்காலியை விட்டுக்கொடுத்தார்.

“சும்மா கெடக்குதா, ஏதாவது செய்யுதா? பார்த்துச் சொல்லுங்க.”

தவமணி குனிந்தாள். நோய் தின்ற இடம் வெறிச்சென்று கிடந்தது. அதன் ஓரத்தில் பச்சைப் புள்ளிகள் வட்டம் கட்டி உட்கார்ந்திருந்தன. வட்டத்தின் நடுவே சுரப்பு நிறைந்திருந்தது. அவளுடைய செல்கள் செத்துப்போன இடத்தில், அவற்றின் வேலையை இவை எடுத்துக்கொண்டிருந்தன.



“செய்றான்.”

நுண்ணோக்கியிலிருந்து நிமிர்ந்தாள்.

“இத்தனை வருஷமா செஞ்சிருக்கான் மேடம். அவனைப் போய் வெட்டி எடுத்துட்டாங்களே.”

மெய்யம்மை விளக்கைப் போட்டார்.

“தைராய்டுல பாதியைத்தானே எடுத்தாங்க?”