கிளி என்றால் யார்?

கொன்றையூர் ராஜா மணிகேசரிக்குப் பட்டப்பெயர் என்றால் உயிர். புலியைத் தூரத்தில் பார்த்தால் 'புலிகண்ட வீரர்'. ஆற்றில் கால் நனைத்தால் 'ஆறுகடந்த அண்ணல்'. அதோடு விட்டால் பரவாயில்லையே! அந்த அரண்மனையில் யானை முதல் அகப்பை வரை எல்லாவற்றிலும் ஓர் ஓலைச் சீட்டு தொங்கும். பொருள் யாருடையது என்று காட்ட ராஜாவின் பட்டங்கள் அத்தனையும் அதில் இருக்க வேண்டும். அகப்பையைவிடச் சீட்டு நீளம்.

ஒரு பட்டம் கூடினால் சீட்டு எல்லாம் மாற வேண்டும். அந்த வேலையைச் சபையின் கெட்டிக்காரன் தாண்டவராயன் தலையில் கட்டியவர் மந்திரி ஏகாம்பரர். அவருக்கு இவனைக் கண்டாலே ஆகாது.

பங்குனியில் ஒரு புதுப் பட்டம் வந்தது. பாதி எழுதுவதற்குள் எழுத்தர்கள் கை வீங்கிப் படுத்துவிட்டார்கள். சோற்றுப் பானையில் புதுச் சீட்டு, அதன் மூடியில் பழைய சீட்டு. கொன்றையூர்க் காவலர்களோ கண்ணை நம்ப மாட்டார்கள், சீட்டைத்தான் நம்புவார்கள். பானை ஒரு ராஜாவுடையது, மூடி வேறொரு ராஜாவுடையது, இரண்டையும் சேர்த்தால் களவு என்று சமையற்கட்டையே பூட்டிவிட்டார்கள். அன்று ராஜா மோரைக் குடித்துவிட்டுப் படுத்தார்.

வயிறு காய்ந்தால் ராஜாவுக்கும் கோபம் வரும்தானே. மந்திரி அதில் நெய் ஊற்றினார். வெள்ளிக்கிழமைக்குள் சீட்டெல்லாம் சரியாகாவிட்டால் தாண்டவராயனைக் குடும்பத்தோடு நாடு கடத்துவது என்று தீர்ப்பாயிற்று. போகிற போக்கில் மந்திரி ராஜாவுக்கு இன்னொரு பட்டத்தையும் சூட்டிவிட்டுப் போனார், மகாபாவி!

தாண்டவராயன் வீட்டைப் பார்க்க நடந்தான். மனைவி பூரணி நிறைமாதக்காரி. அவளை எந்தக் காட்டு வழியில் கூட்டிக்கொண்டு போவது? யோசித்தபடியே வீட்டுக்குள் நுழைந்தான். கொல்லைப்புறத்தில் பூரணி பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசிக்கொண்டிருந்தாள். "அவர் இன்னும் வரலைக்கா. அவருக்குத்தான் ரசம் வச்சிருக்கேன்."

தாண்டவராயன் அப்படியே நின்றுவிட்டான். கல்யாணமான நாளிலிருந்து இவள் என் பேரைச் சொன்னதே இல்லை. 'அவர்' என்கிறாள். யாரென்று தெருவுக்கே தெரிகிறது. அப்புறம் அகப்பைக்கு மட்டும் எதற்கடா முழுப் பெயர்?

மறுநாள் சீட்டுகளில் பட்டங்கள் இல்லை. ஒரு குட்டிக் கிளிப் படம், அவ்வளவுதான். அரண்மனை வாசலில் ஒரே ஒரு பெரிய பலகை. 'கிளி என்றால் யார்?' என்று மேலே எழுதி, கீழே ராஜாவின் பட்டங்களை வரிசையாக எழுதியிருந்தான். பலகையில் ஒரு வரி மாற்றினால் யானைக்கும் அகப்பைக்கும் சேர்த்தே மாறிவிடும். ராஜாவுக்குத் தலைகால் புரியவில்லை. மதியத்துக்குள் மூன்று பட்டம் சூட்டிக்கொண்டு, சந்தோஷமாகச் சாப்பிட்டுக் கட்டிலில் சாய்ந்தார்.

அந்த நேரம் பார்த்து மந்திரி ஏணி வைத்து ஏறினார். பட்டங்களை அழித்தார். 'ஏகாம்பரர்' என்று எழுதினார்.

காவலர்கள் பலகையைப் பார்த்தார்கள். கட்டிலில் தொங்கிய கிளியைப் பார்த்தார்கள். தூங்கிய ராஜாவை மரியாதையாகத் தூக்கித் தரையில் விட்டார்கள்.

ராஜா போட்ட கூச்சலில் சபையே கூடிவிட்டது. மந்திரி கைகட்டி நின்றார். "அரசே, ஒரே வரியில் ராஜ்யமே கைமாறிவிடும் என்று காட்டத்தான் எழுதினேன். இப்படி ஒரு ஏற்பாட்டைச் செய்தவனை இனியும் வைத்துக்கொள்ளலாமா?"

ராஜா தாண்டவராயனை முறைத்தார். பூரணியின் முகம் அவன் கண்ணுக்குள் வந்து போயிற்று. அவன் காவலர்கள் பக்கம் திரும்பிக் கேட்டான். "யானையெல்லாம் இப்போது யாருடையது?"

"மந்திரியாருடையதுங்க."

"அப்படியானால் தீனி யார் வீட்டில்?"

"அதான் அப்பவே அங்கே ஓட்டிவிட்டாச்சுங்களே."

அதற்குள் மந்திரி வீட்டுத் தெருவில் ஒரே அமளி. யானைகள் வாழைத்தோப்பை முடித்துவிட்டுக் கூரைக்கு வந்திருந்தன. பின்னாலேயே பசியோடு அரண்மனை மல்லர்கள். அதற்கும் பின்னால், கிளிச் சீட்டுப் பல்லக்கில், ராஜாவின் மாமியார்.

மாமியார் என்றதும் மந்திரி மேல்துண்டு பறக்க ஓடினார், ஏணியில் தாவினார், பலகையை அழித்தார்.

"மெதுவாக ஏறுங்கள், மந்திரியாரே," என்றான் தாண்டவராயன். "ஒரு வரிதான்."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தாண்டவராயன் எங்கேயும் போக வேண்டாம், பிறக்கப்போகும் பிள்ளைக்கு வெள்ளித் தொட்டில், பலகையின் ஏணி இனி அவன் வீட்டில்தான் இருக்கும் என்று அங்கேயே உத்தரவிட்டார். சிரித்த சிரிப்பில் கிரீடம் கழன்று உருண்டது. ஒரு காவலன் அதை எடுத்தான். ராஜா கையை நீட்டினார்.

காவலன் கிரீடத்தில் தொங்கிய கிளியைப் பார்த்தான். வாசல் பலகையைப் பார்த்தான்.

"கொஞ்சம் பொறுங்க மகாராஜா. மந்திரியார் இன்னும் எழுதி முடிக்கலை."