ஒரு மேட்ச்சும் ஆடாத சாம்பியன்கள்

எங்க ஸ்கூல் பொண்ணுங்க ஃபுட்பால் டீம் ரெண்டு வருஷமா ஜோன் சாம்பியன். எத்தனை மேட்ச் ஆடினீங்கன்னு மட்டும் கேக்காதீங்க. ஒண்ணு கூட இல்ல.

மத்த ஸ்கூல்ல எல்லாம் கடைசி நேரத்துல ஸ்பெஷல் கிளாஸ்னு பொண்ணுங்களைப் பிடிச்சு உக்கார வெச்சிடுவாங்க. ஏழு பேராவது வரலைன்னா மேட்ச் கிடையாது, வாக்ஓவர். நாங்க பதினோரு பேர் போய் நிப்போம். கப்பு வாங்குவோம். போட்டோ எடுப்போம்.

எங்களுக்கு மட்டும் பிராக்டிஸ் எங்க இருந்துச்சு? பி.டி. பீரியடை கணக்கு மிஸ் தூக்கிட்டுப் போயிடுவாங்க.

இந்த வருஷம் ஹெச்.எம். சொல்லிட்டாங்க: "கப்பு வந்தா டீம் இருக்கும். வரலைன்னா கலைச்சிடுவேன். எல்லாரும் உக்காந்து படிங்க."

ஃபைனலுக்கு எதிர் டீம்ல வந்தது ஆறே பேர்.

"ஜெயிச்சிட்டோம்டி!"ன்னு குதிச்சேன்.

எங்க கோச் அஞ்சுகம் மிஸ் குதிக்கல. நேரா அந்தப் பொண்ணுங்ககிட்ட போனாங்க.

"ஏழாவது ஆள் யாரும்மா?"

"கோகிலா, மிஸ். கோல்கீப்பர். கெமிஸ்ட்ரி டெஸ்ட்டுன்னு விடல."

மிஸ் ரெஃபரிகிட்ட அரை மணி நேரம் டைம் கேட்டாங்க. ஸ்கூட்டியை எடுத்தாங்க. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. வண்டிக்கு முன்னாடி போய் நின்னேன்.

"நீங்க எங்க கோச்சா, அவங்க கோச்சா?"

"வழியை விடு, தில்ஷாத்."

"தோத்தா டீமே இருக்காது மிஸ். தெரியும்ல?"

"தெரியும். லேஸைக் கட்டு."

இருபத்தஞ்சு நிமிஷத்துல திரும்பி வந்தாங்க. பின்னாடி ரெட்டை ஜடை, ரிப்பனோட கோகிலா.

"எப்படி மிஸ் விட்டாங்க?"ன்னு எங்க எஸ்தர் கேட்டா.

"இவளுக்குப் பதிலா நானே டெஸ்ட் எழுதறேன்னேன். சிரிச்சிட்டு அனுப்பிட்டாங்க."

ஆட்டம் ஆரம்பிச்சுது. நாங்க பதினோரு பேர், அவங்க ஏழு பேர். நாங்க பதினோரு பேரும் ஒரே பந்து பின்னாடி ஓடினோம். எஸ்தரும் நானும் முட்டிக்கிட்டு விழுந்தோம். அந்த கேப்ல அவங்க ஒரு கோல் போட்டுட்டுப் போயிட்டாங்க.

"பஸ்ல ஏறுற மாதிரி ஏன்டி எல்லாரும் ஒரே பக்கம் வர்றீங்க?"ன்னு எஸ்தர் கத்தினா. எனக்குக் கோவம் போய் சிரிப்பு வந்துடுச்சு.

அப்புறம்தான் ஆளுக்கு ஒரு இடமாப் பிரிஞ்சு நின்னோம். நான் அடிச்சதையெல்லாம் கோகிலா பாய்ஞ்சு பாய்ஞ்சு பிடிச்சா. ரிப்பன் ஒரு பக்கம், ஜடை ஒரு பக்கம். செகண்ட் ஹாஃப்ல ஒண்ணே ஒண்ணு மட்டும் அவ கைக்கு அடியில நழுவிப் போச்சு. ஒண்ணுக்கு ஒண்ணு.

கடைசி நிமிஷம். பந்து என் கால்ல. நானே அடிச்சிருப்பேன். ஆனா எஸ்தர் அந்தப் பக்கம் தனியா நிக்கிறதைப் பாத்துட்டேன். தள்ளிவிட்டேன். அவ உள்ள போட்டா.

ரெண்டு டீமும் சேந்து போட்டோ எடுத்தோம். கோகிலா என் தோள்ல கை போட்டு, "அடுத்த வருஷம் பாத்துக்கறேன்டி"ன்னா.

"வா, பாக்கலாம்"னேன்.

ஆனா என் வாய் சும்மா இருக்குமா? நேரா மிஸ்கிட்ட போனேன்.

"ஜெயிச்சோம், சரி. தோத்திருந்தா? டீமைக் கலைச்சிருப்பாங்களே மிஸ்!"

மிஸ் ஹெல்மெட்டை மாட்டிக்கிட்டே என்னைப் பாத்தாங்க.

"இன்னிக்கு மத்தியானம் வரைக்கும் என்கிட்ட இருந்தது ஜெர்சி போட்ட பதினோரு பொண்ணுங்க. கலைக்கிறதுக்கு டீம் எங்கடி இருந்துச்சு?"