உப்போடையில் ஏறுகிற பாரம்

"எவ்வளவு உயரம் தூக்கணும் மேஸ்திரி?" என்று கேட்டான் தங்கமாயன்.

கேட்டவன் சீடன். வயதில் குருவுக்கு மூத்தவன். மலைமேல் கரடிச்சோலையில் வீடு, சொந்தமாக ஒரு பிக்கப் வண்டி. மிளகும் ஆரஞ்சும் ஏற்றி இறக்கிப் பிழைத்தவன், நரை விழுந்த பிறகு ஸ்பானர் பிடிக்கக் கற்றுக்கொள்ள வந்தான். குருவின் பெயர் ஒச்சம்மா. அடிவாரத்தில் சொந்தப் பட்டறை. அவள் அவனை அண்ணே என்பாள், அவன் அவளை மேஸ்திரி என்பான். வண்டி விட வருகிறவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், நமக்கென்ன.

அன்று அவன் கொண்டுவந்து நிறுத்தியது தன் சொந்த வண்டியை. பின்னால் நாலு புது டயர், ஒவ்வொன்றும் டிராக்டருக்கு மாட்டலாம். கூடவே உயரம் ஏற்றும் இரும்புக் கட்டைகளும் ஸ்பிரிங் பட்டைகளும் ஒரு சுமை கிடந்தன.

"யாத்தே! வண்டியா, யானையாண்ணே?"

"விளையாடாதீங்க மேஸ்திரி. நாகப்பிரியாவுக்கு நிறைமாசம்."

நாகப்பிரியா அவனுடைய ஒரே மகள். பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள்.

"அவளை உப்போடை தாண்டிக் கூட்டிட்டு வரணும். மழை வேற பிடிச்சிருச்சு. அங்க வண்டி முட்டக் கூடாது. முட்டவே கூடாது."

"இப்பவே கூட்டிட்டு வந்து இங்க வச்சுக்கலாமே?"

"வர மாட்டேங்கிறா. ஆத்தா கிடக்கிற மலையாம். வலி வந்தாத்தான் இறங்குவாளாம்."

ஒச்சம்மா வண்டிக்குப் பின்னால் போனாள். பின் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் கையை நுழைத்தாள். நாலு விரலும் படுக்கை வசத்தில் தாராளமாகப் போயின. அவள் வேலை செய்கிற விதம் அது. டேப் வைத்து அளக்க மாட்டாள். பட்டறையில் ஒரு தடவை கை விடுவாள், வண்டி ஓடுகிற பாதையில் ஒரு தடவை விடுவாள். அதற்குப் பிறகுதான் ஜாக்கியைத் தொடுவாள்.

"சாவியைப் போடுங்க. பாதையைப் பார்த்துட்டு வருவோம்."

"பாதையில என்ன இருக்கு?"

"பட்டறையில நிக்கிறப்ப எல்லா வண்டியும் நல்ல வண்டிதான். ஏறுங்கண்ணே."

ஏறும்போது ஒன்றுமில்லை. டயரையும் இரும்பையும் பட்டறையில் இறக்கிவிட்ட காலி வண்டி, கடகடவென்று போயிற்று. கரடிச்சோலையில் திருப்பிக்கொண்டு இறங்கினார்கள். மதியம்தான். ஆனால் மஞ்சு இறங்கி, சாலையோரத்து மரங்கள் பாதிக்கு மேல் காணாமல் போயிருந்தன. பறவைச் சத்தம்கூட இல்லை. உப்போடை நெருங்க நெருங்கத் தங்கமாயன் பேச்சை நிறுத்தினான். பின்னால் பார்க்கிற கண்ணாடியைக் கையால் மேலே திருப்பிவிட்டான். அதில் இப்போது வண்டிக் கூரைதான் தெரிந்தது.

ஓடைக்குப் பாலம் கிடையாது. தண்ணீருக்குள் பாறைமேல்தான் பாதை. அக்கரை ஏறுகிற இடத்தில் மட்டும் பாறை முதுகு போலத் தூக்கி நிற்கும்.

இக்கரையில் வண்டி மெதுவானபோது, பின்கதவுச் சங்கிலி கிணுங்கியது.

பிறகு வண்டியின் பின்பக்கம் அமுங்கியது. பள்ளத்தில் இறங்கினால் சட்டென்று அமுங்கும். இது அப்படி இல்லை. ஒரு காலை வைத்து, பிடித்துக்கொண்டு, மூச்சுவாங்கி, மறுகாலையும் தூக்கி வைத்தால் எப்படி அமுங்குமோ அப்படி அமுங்கியது.

"நிறுத்துங்க," என்றாள் ஒச்சம்மா.

இறங்கிப் பின்னால் போனாள். பின்கதவு சாத்தியபடியே இருந்தது. டயருக்கு மேல் கையை நுழைத்தாள். ஒரு விரல்கூடப் போகவில்லை.

எட்டிப் பார்த்தாள். நனைந்த தார்ப்பாய் மட்டும் விரித்துக் கிடந்தது. அதன் நடுவில் ஆள் உட்கார்ந்தால் பதிகிற குழி. நாலு பக்கமிருந்தும் மழைத்தண்ணீர் ஓடிவந்து அந்தக் குழியின் விளிம்பில் நின்றது. உள்ளே போகவில்லை. ஒச்சம்மா எட்டிப் பார்த்த தலையை இழுத்துக்கொண்டாள். பயமில்லை என்று சொன்னால் அது பொய்.

திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

"எப்ப இருந்துண்ணே?"

"பஞ்சவர்ணம் போனதுல இருந்து."

பஞ்சவர்ணம் அவன் மனைவி. நாகப்பிரியா பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில், ரெண்டாவது பிரசவம். இதே வண்டிதான், இதே தார்ப்பாய் விரித்துதான் கொண்டுவந்தான். அக்கரைப் பாறையில் வண்டியின் அடிச்சட்டம் உட்கார்ந்துகொண்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. ஆட்களைத் திரட்டிக்கொண்டு அவன் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வயிற்றுப் பிள்ளையும் போயிற்று.

"இறங்கும்போதெல்லாம் ஏறுவா," என்றான். "மேல போறப்ப ஏற மாட்டா."

"ஏறினா என்ன செய்வீங்க?"

"திரும்பிப் பார்க்க மாட்டேன். ஆக்ஸிலேட்டர்ல ஒரே மிதி. பாறையில டமார்னு இடிக்கும். அந்த இடியில இறங்கிரும்."

"இறங்கிருமா?"

தங்கமாயன் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"விழுந்துரும்," என்றான்.

மஞ்சு கண்ணாடியில் வந்து ஒட்டியது. வைப்பர் அதைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தது.

"அப்ப அந்தப் பெரிய டயர் பாறைக்காக வாங்கினது இல்ல."

அவன் கையெடுத்துக் கும்பிட்டான். "யாரும் ஏற முடியாத உயரத்துக்குத் தூக்கிருங்க மேஸ்திரி. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கிறேன். புள்ளையை ஏத்திக்கிட்டு வர்ற அன்னைக்கு இவளும் ஏறினா, பாரம் தாங்காம வண்டி அங்கேயே உக்காந்துரும். ஒருத்தியைக் குடுத்தது போதாதா?"

 அவன் மிதித்தான். வண்டி தண்ணீரைக் கிழித்துக்கொண்டு பாய்ந்தது, பாறையில் இடித்தது, துள்ளியது. இடித்த அந்த நொடியில் பின்னாலிருந்து, வலியை அடக்குகிற ஆள் போல, "ம்" என்று ஒரு சத்தம் வந்தது. பிறகு வண்டி லேசாகிவிட்டது.

அடிவாரம் வரை ஒச்சம்மா பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

மறுநாள் காலை ஒச்சம்மா அவன் கேட்ட உயரத்துக்கே வண்டியை ஜாக்கியில் ஏற்றினாள். பெரிய டயரையும் மாட்டினாள். தங்கமாயன் முகம் மலர்ந்தது. அவள் ஒரு சாக்கில் மணலைக் கட்டி, கயிற்றோடு அவனிடம் வந்தாள்.

"என்ன மேஸ்திரி இது?"

"வயித்துல கட்டப் போறேன். கையைத் தூக்குங்க."

"ஐயோ, ஆளுங்க பாப்பாங்க!"

"பாக்கட்டும். நிறைமாசம், திருஷ்டி சுத்திப் போட்டுக்கலாம்."

கட்டிவிட்டாள். "இப்ப பின்னால ஏறுங்க."

அவன் காலைத் தூக்கினான். சாக்கு தடுத்தது. பக்கவாட்டில் முயன்றான், முட்டியைப் போட்டான், வழுக்கி மண்ணில் உட்கார்ந்தான். வேர்த்துக் கொட்டியது.

"புள்ளையை நான் தூக்கி ஏத்திவிடுவேன்," என்றான்.

"மழையில? வலியில துடிக்கிற பொண்ணை?"

 அவள் டயரைக் கழற்றிவிட்டு, ஜாக்கியைக் கொஞ்சம் இறக்கினாள். "ஏறுங்க." முடியவில்லை. இன்னும் கொஞ்சம். "ஏறுங்க." இப்படியே இறக்கி இறக்கி, ஓர் உயரத்தில் அவன் கால் பின்படியை எட்டிவிட்டது. சங்கிலியைப் பிடித்து, மூச்சுவாங்கி, மறுகாலையும் வைத்து ஏறிவிட்டான். மேலே நின்றவன் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. அந்த ஏற்றத்தை அவன் அடிக்கடி முதுகில் உணர்ந்திருக்கிறான்.

ஒச்சம்மா சாக்பீஸால் அந்த உயரத்தைக் குறித்தாள். பழைய உயரத்துக்கு ரெண்டு விரல்தான் கூட.

பெரிய டயர்கள் கடைக்கே திரும்பின. ஒரே ஒரு அளவு பெரிதாக, பாறையைப் பிடிக்க ஆழமான ரப்பர் பட்டன் வைத்த டயர் வந்தது. ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்துப் பார்த்தாள், எங்கும் உரசவில்லை. பின்னால் பக்கத்துக்கு ஒரு ஸ்பிரிங் பட்டை கூடச் சேர்த்தாள்.

"பட்டை போட்டா மேல்கட்டு தூக்கும். பாரம் ஏறினாலும் ரொம்ப அமுங்காது. அடியில அச்சு நடுவுல தொங்குற உருண்டையைத் தூக்குறது டயர் மட்டும்தான். ரெண்டும் கொஞ்சம் கொஞ்சம் போதும். அளவுக்கு மேல தூக்கினா வளைவுல வண்டி சாயும்."

"இந்த உயரத்துல எல்லாருக்கும் ஏற வருமே மேஸ்திரி."

"வரும்."

"அவளுக்கும்?"

"அந்த நட்டை முறுக்குங்கண்ணே."

புது டயருக்கு வழக்கம்போல எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள். தங்கமாயன் ஒரு பழத்தை மட்டும் சட்டைப்பைக்குள் ஒளித்தான். ஓடையில் வீசுவதற்கு.

"அதை இங்க குடுங்க," என்றாள் ஒச்சம்மா. வாங்கி, சொம்புத் தண்ணீரில் பிழிந்து, உப்புப் போட்டுக் குடித்துவிட்டாள்.

வலி வந்த அன்று மழை பேய் மழை. செய்தி வந்ததும் பட்டறையிலிருந்து தங்கமாயனோடு ஒச்சம்மாவும் மேலே போனாள். நாகப்பிரியா பின்படியில் கால் வைத்து, சங்கிலியைப் பிடித்து, தானே ஏறினாள். தார்ப்பாய்க் கூடாரத்துக்குள் மெத்தை போட்டுப் படுத்தாள். ஒச்சம்மா அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். தங்கமாயன் தனியாக முன்னால்.

உப்போடையில் தண்ணீர் சிவப்பாக ஓடியது. இக்கரையில் சங்கிலி கிணுங்கியது.

அவன் கால் தன்னால் மிதிக்கப் போனது.

பின்னாலிருந்து தகரம் அதிர ஒச்சம்மா தட்டினாள். "நிறுத்துங்கண்ணே!"

"மேஸ்திரி, வேண்டாம்! என் புள்ள!"

"நிறுத்துங்க. ஏறட்டும்."

நிறுத்தினான்.  பின்பக்கம் அமுங்கியது. ஒரு கால், ஒரு மூச்சு, மறுகால். பட்டை முனகியது. அவ்வளவில் நின்றது.

"இப்ப போங்க. மெதுவா."

வண்டி தண்ணீருக்குள் இறங்கியது. பட்டன் டயர் பாறையைக் கவ்விக்கவ்வி ஏறியது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு அந்த இடிக்காகக் காத்திருந்தான். இடி வரவில்லை. பாறை எப்போது அடியில் போயிற்று என்றே தெரியவில்லை. முதல் வளைவு வந்தது, ரெண்டாவது வந்தது, வண்டி லேசாகவில்லை. அத்தனை வருஷத்தில் முதல் தடவையாகக் கண்ணாடியைக் கீழே திருப்பினான். கூடாரத் துணி மட்டும் தெரிந்தது. அதையே பார்த்துப் பார்த்து ஓட்டினான்.

ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சர் வந்தது. நாகப்பிரியா அப்பாவின் கையைப் பிடித்தாள்.

"அலுங்கவே இல்லப்பா. ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கமாப் பிடிச்சுக்கிட்டாங்க."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் இறங்கியதில் வண்டி எழும்பியிருந்தது. ஒச்சம்மா குதித்தபோது இன்னும் கொஞ்சம் எழும்பியது. பிறகு யாரும் இறங்காமலே சங்கிலி கிணுங்கியது. பின்பக்கம் மெதுவாக மேலே வந்தது.

தங்கமாயன் டயருக்கு மேல் கையை நுழைத்தான். நாலு விரலும் போயின, அதற்கு மேலும் இடம் இருந்தது. கையை எடுக்காமல் அங்கேயே குந்தி, வாய்விட்டு அழுதான். ஒச்சம்மா அழ விட்டாள்.

வெகுநேரம் கழித்து நர்ஸ் வந்து, பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் நலம் என்றாள். அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"எவ்வளவு உயரம் தூக்கணும்னு அன்னைக்குக் கேட்டேன் மேஸ்திரி. நீங்க இன்னும் சொல்லல."

ஒச்சம்மா பின்படியில் ஒட்டியிருந்த ஈரமண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவங்களுக்குக் கால் எட்டுச்சுல்லண்ணே," என்றாள்.