இல்லை என்று சொல்லாத கடை

தீபாவளிக்குக் கூட்டம் நெரியும் ஜவுளிக்கடையில் முதலாளி தவசிலிங்கம் ஓர் உத்தரவு போட்டிருந்தார். வாடிக்கையாளர் எது கேட்டாலும் 'இல்லை' என்ற சொல் வாயில் வரக் கூடாது. வந்தால் அன்றோடு சீட்டுக் கிழிந்துவிடும்.

கடை திறந்ததிலிருந்து நின்றபடியே சேலை விரித்துக் காட்டிய செல்வக்கனியிடம் ஓர் அம்மாள் கேட்டாள்: "என்ன தாயி, காலு இப்படி வீங்கியிருக்கு? உங்களுக்கு உட்கார ஒரு நாற்காலிகூட இல்லையா?"

கல்லாவில் இருந்த முதலாளி காதைத் தீட்டிக்கொண்டார்.

"இருக்கும்மா," என்றாள் செல்வக்கனி. "ஒண்ணே ஒண்ணு இருக்கு. அதுல முதலாளி உட்கார்ந்திருக்காரு."

சுற்றி நின்ற பெண்கள் கையிலிருந்த சேலைகளைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்தார்கள். பண்டிகை வியாபாரம் படுத்துவிடுமே என்று பயந்து, அவர் எழுந்து நாற்காலியை அவள் பக்கம் தள்ளினார்.

செல்வக்கனி உட்காரப் பார்த்தாள். முழங்கால் மடங்கவில்லை.