முகம் பார்க்கும் எந்திரம்

ராஜாக்களுக்கு ஆசைகள் பலவிதம். கொன்றைப்பட்டணத்தை ஆண்ட விசயபூபதி மகாராஜாவுக்கு வந்தது கொஞ்சம் விபரீதமான ஆசை. குடிமக்கள் மனசுக்குள் தன்னைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும்!

கடல் தாண்டி வந்த ஒரு வியாபாரி அந்த ஆசைக்குத் தீனி போட்டான்.

"மகாராஜா, இது முகம் பார்க்கும் எந்திரம். தெருமுனையில் வைத்தால் போதும். மலர்ந்த முகத்தைக் கண்டால் குழல் ஊதும். அவன் ராஜவிசுவாசி. கடுகடுத்த முகத்தைக் கண்டால் மணி அடிக்கும். அவன் ராஜதுரோகி. ஏழையா, பணக்காரனா, பெரிய ஆளா, சின்ன ஆளா, இதெல்லாம் அது பார்க்கவே பார்க்காது."

மந்திரி அரியநாயகத்துக்குப் பரம சந்தோஷம். 'மணி அடித்தால் சிறை. எந்திரம் சொன்னதை எந்த மனிதனும் மாற்றக்கூடாது' என்று அன்றைக்கே ஆணை எழுதி, ராஜமுத்திரையும் வாங்கிவிட்டார். சபை வாசலிலும் ஒரு எந்திரம் வைத்துக்கொண்டார். தினமும் குழல் ஊத ஊத உள்ளே நுழைவதில் அவருக்கு ஒரு சுகம்.

ஊர் பட்ட பாடு இருக்கிறதே! பல்வலிக்காரன் ஈயென்று இளித்துக்கொண்டு வைத்தியரிடம் போனான். சாவு வீட்டுக்குப் போகிறவர்கள்கூடத் தெருமுனையில் சிரித்துவிட்டு, முனை திரும்பின பிறகுதான் அழுதார்கள். அப்படியும் சிறையில் இடம் போதவில்லை.

இந்த நிலையில்தான் இடியாப்பம் விற்கும் செவ்வந்தி மாட்டிக்கொண்டாள். இடுப்பில் பத்து மாதக் குழந்தை குஞ்சரம். பல் முளைக்கிற நேரம். ராத்திரி முழுக்கக் கத்தல். கண் சிவந்து, தலை கலைந்து, காலையில் கூடையோடு தெருவில் இறங்கினாள். டணார் டணார் என்று அடித்தது மணி.

சபையில் நிறுத்தினார்கள்.

"என்னிடம் என்னம்மா குறை கண்டாய்?" என்றார் மகாராஜா.

"உங்களை நான் நினைக்கவே இல்லீங்க, மகாராஜா. தூக்கம் இல்லை. அவ்வளவுதான்." குழந்தையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். "என்னை உள்ளே வையுங்க. இவளை என்கிட்டேயிருந்து பிரிச்சிடாதீங்க."

"சிறைக்குள் குழந்தை கூடாது" என்றார் அரியநாயகம். "ஆணை ஆணைதான்!"

விகடகவி தாண்டவராயன் எழுந்தான்.

"மந்திரி சொல்வது நியாயம். மணி அடித்தது தாய்க்கு. போகட்டும் சிறைக்கு! ஆனால் குழந்தைக்கு மணி அடிக்கவில்லையே? இதை யார் வளர்ப்பது?"

"அவள் புருஷன்" என்றார் அரியநாயகம்.

"அவன் உங்கள் படையில் எல்லையைக் காத்துக்கொண்டிருக்கிறான்."

"உறவுக்காரர்கள்?"

"யாருமில்லீங்க" என்றாள் செவ்வந்தி.

தாண்டவராயன் கட்டியக்காரன் பக்கம் திரும்பினான். "அண்ணே, காலையில் மகாராஜா வரும்போது கூவுவீர்களே, அதை ஒருதரம் கூவுங்கள்."

கட்டியக்காரன் மார்பை நிமிர்த்திக்கொண்டு முழங்கினான். "ராஜாதி ராஜர்! ராஜ கம்பீரர்! தாயில்லாப் பிள்ளைக்குத் தாயானவர்..."

"போதும் அண்ணே."

சபை மொத்தமும் மகாராஜாவைப் பார்த்தது. அவரால் மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

"ஒரே ஒரு ராத்திரி, தாயி. என்னை நம்பு" என்று தாண்டவராயன் மெதுவாகச் சொன்னான்.

செவ்வந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு மகாராஜாவிடம் குழந்தையை நீட்டினாள். "தோளில் போட்டு, நடந்துகிட்டே தட்டணும், மகாராஜா. உட்கார்ந்தா அழுவா."

அன்றைக்கு அரண்மனையில் நடந்ததை என்னவென்று சொல்ல! தாதிகள் தொட்டால் குஞ்சரம் வீறிட்டாள். ராணியிடம் கொடுக்கப் பார்த்தார் மகாராஜா. "தாயானவர் என்று உங்களைத்தானே கூவுகிறான்? என்னை இல்லையே" என்று ராணி புரண்டு படுத்துவிட்டாள். மகாராஜா நடந்தார். தட்டினார். உட்கார்ந்தார். அழுகை. மறுபடி நடந்தார்.

விடிந்ததும் வெளிக்காற்றில் குழந்தை சற்று அடங்கியது. அப்படியே தோட்டத்தைச் சுற்றிக்கொண்டு சபையின் பெரிய வாசல் வழியாக நுழைந்தார் மகாராஜா.

டணார்! டணார்! டணார்!

காவலர்கள் ஓடி வந்து, யாரென்று பார்த்து, மரமாக நின்றார்கள். "மகாராஜா... ஆணை..."

"டேய், நான் ராஜாடா!"

"பெரிய ஆளு, சின்ன ஆளு பார்க்காதுன்னு சொன்னாங்களே, மகாராஜா..."

"என்மேல் எனக்கே துரோகமா? ராத்திரி தூக்கம் இல்லையப்பா, அவ்வளவுதான்!"

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. நேற்று இதே இடத்தில் இன்னொருத்தி இதையே சொன்னாள். அவருடைய தலை தாழ்ந்தது.

"அந்தப் பெண்ணை அழைத்து வாருங்கள்" என்றார்.

செவ்வந்தி ஓடி வந்தாள். குஞ்சரம் தாவி அவள் தோளில் விழுந்தாள். மறு நிமிஷம் தூங்கியும் போனாள்.

"சின்னப் பழுதுதான், மகாராஜா" என்று, மணிச் சத்தம் கேட்டு ஓடி வந்திருந்த வியாபாரி கையைப் பிசைந்தான். "உங்களுக்கு மட்டும் அடிக்காதபடி முடுக்கிவிடுகிறேன்."

"அப்படியே பிள்ளை பெற்றவர்களுக்கும் அடிக்காமல் முடுக்கு" என்றான் தாண்டவராயன். "அரிசி வாங்க முடியாதவனுக்கு, மகனை எல்லைக்கு அனுப்பினவளுக்கு, முதுகு வலிக்க மூட்டை தூக்குகிறவனுக்கு. பிறகு யாருக்கு அடிக்கும்?"

அந்த நேரம் பார்த்து வாசலில் இனிமையாகக் குழல் ஊதியது. பளபளவென்ற முகத்தோடு அரியநாயகம் வந்துகொண்டிருந்தார்.

மகாராஜா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அரியநாயகம், மழை இல்லை. எல்லையில் சண்டை. ஊரில் பாதி சிறையில். ராத்திரி தூக்கம் வருகிறதா?"

"பேஷாக வருகிறது, மகாராஜா!"

வியாபாரி இருந்த பக்கம் கோபத்தோடு திரும்பினார் மகாராஜா. "எல்லா எந்திரத்தையும் உடைத்துப் போடுங்கள்!"

"வேண்டாம், மகாராஜா" என்றான் தாண்டவராயன். "ஒன்றே ஒன்று சபை வாசலில் இருக்கட்டும். அது ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது. நாம்தான் ஆளை மாற்றிப் பிடித்துவிட்டோம். மணி அடித்தவர்களை வீட்டுக்கு அனுப்புங்கள். ஊர் இருக்கிற இருப்பில் எவருக்குக் குழல் ஊதுகிறதோ, அவரைப் பிடித்து விசாரியுங்கள்!"

மகாராஜா கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றித் தாண்டவராயனுக்குப் போட்டார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர வரச் சிரித்தார். சத்தம் மட்டும் வரவே இல்லை. குழந்தை தூங்குகிறதே!