மூன்று கயிறுகளை அறுத்தவன்

கேளுங்கள் பிள்ளைகளே, பெரியவர்களே! எந்தக் காலம் என்று கேட்டால் எனக்கும் தெரியாது, அவ்வளவு பழைய காலம். கொற்றங்குடி ராஜாவின் படையில் சேந்தன், நக்கன் என்று இரண்டு வீரர்கள் இருந்தார்கள். சேந்தன் முன்பு பரிசல் ஓட்டியவன். எதற்கும் அஞ்சமாட்டான். நக்கன் அவனுடைய உயிர்த் தோழன்.

ஒருநாள் ஆற்றின் அக்கரையில் பகைவர் படை வந்து இறங்கியது. ஊருக்குள் நுழைய ஒரே வழி தெப்பப் பாலம். அதன் மூன்று கயிறுகளும் அக்கரைத் தூண்களில்தான் கட்டப்பட்டிருந்தன. அவற்றை அறுக்க இருவரும் புறப்பட்டார்கள். மற்றவர்கள் கோட்டைக்குள் இருந்தார்கள்.

பாதிப் பாலத்தில் அம்புகள் சீறி வந்தன. நக்கன் வெலவெலத்துப்போய்த் திரும்பி ஓடினான். கரைப் புதருக்குள் பதுங்கிக்கொண்டு பார்த்தான்.

சேந்தன் முதல் கயிற்றை அறுத்தான், தோளில் அம்பு. இரண்டாவதை அறுத்தான், தொடையில் அம்பு. மூன்றாவதை அறுத்தான், மார்பில் அம்பு. பாலம் வெள்ளத்தோடு போனது. ஊர் பிழைத்தது. சேந்தன் அக்கரையிலேயே விழுந்தான்.

நக்கன் தனியாகக் கோட்டைக்குத் திரும்பினான். "பாலத்தை அறுத்தது நீதானே?" என்று ஊரார் கேட்டார்கள். நக்கன் தலை குனிந்தான். அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

"சேந்தன் எங்கே? பகைவரோடு போய்விட்டானா?" என்று தளபதி கேட்டார். நக்கன் வாய் திறக்கவில்லை.

துரோகியின் பெண்டாட்டி என்று சேந்தனின் மனைவி எயினியோடு யாரும் பேசவில்லை.

மூன்றாம் நாள் பகைவர் திரும்பிப் போனார்கள். ராஜா பொன்னால் செய்த வீரக்கழலோடு சபைக்கு வந்தார்.

"அறுத்தது நீதானே, நக்கா?"

கூட்டத்தின் ஓரத்தில் எயினி தனியாக நின்றாள். நக்கன் அவளைப் பார்த்தான்.

"இல்லை, மகாராஜா. சேந்தன்தான் அறுத்தான். மூன்று அம்பு தாங்கி அறுத்தான். நான் பயந்து ஓடிவந்தவன்."

ராஜா பரிசலில் அக்கரைக்கு ஆள் அனுப்பினார். நக்கன் சொன்னபடியே, மூன்று அம்புகளோடு சேந்தன் கிடந்தான். அவனை ஊரே தோளில் சுமந்து வந்தது. வீரக்கழலை ராஜா எயினியின் கையில் கொடுத்தார்.

"இந்த நக்கனை என்ன செய்யட்டும், சொல் அம்மா."

"ஓடிவந்ததை மறக்க மாட்டேன், மகாராஜா. ஆனால் இவர் சொல்லாவிட்டால் என் வீட்டுக்காரர் துரோகியாகவே போயிருப்பார். உயிரோடு விட்டுவிடுங்கள்." அப்போதுதான் அவள் வாய்விட்டு அழுதாள்.

ராஜா நக்கனின் வாளை மட்டும் வாங்கிக்கொண்டார். வெறுங்கையோடு வீட்டுக்குப் போன நக்கன் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, பகலென்றும் பாராமல் தூங்கினான்.

தனக்கு அவமானம் வந்தாலும் அடுத்தவனுடைய பெருமையை அவனுக்கே கொடுத்துவிடுகிறவன்தான் நிம்மதியாக வாழ்வான்.